மேனேஜருக்கு மூன்று வேளை சொட்டு மருந்து

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே மலையில் குளிர் எப்படி? கம்பளிச் சட்டையைக் கதவுக்குப் பின்னால் மறந்து மாட்டிவிட்டுப் போனாயே, அதைப் பார்சலில் அனுப்பியிருந்தேன். வந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வராது.

பண்ணை ஆபீசுக்குப் போன் பண்ணி உன்னைக் கூப்பிடலாம் என்று அத்தான் சொன்னார். என் காது இப்போது முன்பைவிட மந்தம். நீ அங்கிருந்து கத்த, நான் இங்கிருந்து "என்ன? என்ன?" என்று கத்த, தெருவே கூடிவிடும். அதனால் கடிதம்தான்.

விஷயம் இதுதான். உன் பூனைக்கு இடது கண்ணில் ஏதோ கோளாறு. ஒரு வருஷம்தானே அக்கா என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனபோது இரண்டு கண்ணும் பச்சைத் திராட்சை மாதிரி இருந்தன. இப்போது இடது கண் துரு ஏறிய நிறத்தில் இருக்கிறது. நாலு நாளாகப் பாதி மூடியே வைத்திருக்கிறது. தண்ணீர் வடிகிறது. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

நீ வைத்த பெயரைச் சொல்லி இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. காலையில் எழுந்ததும் நாலு அறையையும் ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டு, அத்தானின் நாற்காலியில் ஏறிப் படுத்துவிடுவதால் அவர் வைத்த பெயர் மேனேஜர். "வேல செய்யாம ரவுண்டு மட்டும் வர்ற ஆளுக்கு வேற என்ன பேரு?" என்கிறார். நாலு நாளாக ரவுண்டும் இல்லை. அலமாரிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நீ மாட்டு டாக்டர்தான். ஆனாலும் டாக்டர்தானே. என்ன செய்ய என்று உடனே எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளிச் சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், திட்டாதே. உடம்பு நன்றாக இருக்கிறது. அறுநூறு மாடுகளுக்கு நடுவில் இருப்பவனுக்குப் பாலுக்குப் பஞ்சமா? அத்தானின் முட்டி வலி எப்படி இருக்கிறது? இன்னும் வேன் ஓட்டப் போகிறாரா?

உன் கடிதத்தைப் படித்தேன். தூசு விழுந்து வருகிற கண் நோய் இல்லை இது. கண்ணுக்குள்ளே, நிறம் தருகிற திரையும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் அழற்சி கண்டு வீங்கியிருக்கிறது. நிறம் மாறுவதும் கண்மணி சுருங்குவதும் அதனால்தான். ரத்தத்தில் ஏதாவது நோய் இருந்தாலும் இப்படி வரும், ஒரு காரணமும் இல்லாமலும் வரும். விட்டுவிட்டால் பார்வை போய்விடும். அலமாரிக்கு அடியில் போகிறான் என்றால் வலி என்று அர்த்தம். பூனை வலிக்கிறது என்று கத்தாது, ஒளிந்துகொள்ளும்.

உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. முதலில் பச்சைச் சாயம் விட்டுக் கண்ணின் மேல் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். புண் இல்லையென்றால் இரண்டு சொட்டு மருந்து தருவார். ஒன்று அழற்சியைக் குறைக்க, மற்றது கண்மணியை விரித்து வைக்க.

ஏழு விஷயம் எழுதுகிறேன். சமையலறைச் சுவரில் ஒட்டி வை. ஒன்று, முன்னும் பின்னும் கை கழுவு. இரண்டு, துண்டில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விடு. மூன்று, முகத்துக்கு நேராகப் போகாதே, பின்னாலிருந்து போடு. நாலு, பாட்டில் முனை கண்ணைத் தொடக் கூடாது. ஐந்து, இரண்டு மருந்துக்கும் நடுவில் பத்து நிமிஷம் விடு. ஆறு, விரிக்கிற மருந்து தொண்டைக்குப் போனால் கசக்கும், வாயில் நுரை வரும், பயப்படாதே. ஏழு, கண் நன்றாகிவிட்டது என்று நீயாக மருந்தை நிறுத்தாதே.

நான் அங்கே இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. இங்கே உட்கார்ந்து எழுத மட்டும்தான் முடிகிறது.

உன் தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். அத்தான் வேனை விடவில்லை, வேனும் அவரை விடவில்லை. நீ சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இங்கே மிருக டாக்டர் வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருகிறார். நாய்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த மனுஷர். பூனையைக் கண்டதும் கையுறையை இரண்டாக மாட்டிக்கொண்டார். நீ சொன்ன சாயம் விட்டார், புண் இல்லை. ரத்தம் எடுத்து அனுப்பினார், அதிலும் ஒன்றும் அகப்படவில்லை. "காரணம் தெரியலம்மா. ஆனா வைத்தியம் ஒண்ணுதான்" என்றார். இரண்டு பாட்டில் கொடுத்தார். ஒன்றில் "வீக்கம், மூன்று வேளை" என்றும் இன்னொன்றில் "விரிக்க, காலை மட்டும்" என்றும் அவரே எழுதி, பாட்டிலைச் சுற்றிச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார். கையெழுத்துப் பரவாயில்லை.

முதல் நாள் கூத்தைக் கேட்காதே. நான் பிடிக்க, அத்தான் சுற்ற, கடைசியில் துண்டுக்குள் இருந்தது அத்தானின் கைதான். பூனை அவர் கையைக் கீறிவிட்டு அலமாரி மேல். நுரை வந்ததைப் பார்த்து, "பல்லு விளக்குறாரு மேனேஜர்" என்று அவருக்குச் சிரிப்பு. இப்போது பழகிவிட்டது. காலை ஆறரை, மதியம் ஒன்றரை, சாயங்காலம் ஏழு. மதியத்துக்காக நான் கல்லூரி வேதியியல் லேப்பிலிருந்து வந்து போகிறேன். லேப்பில் எல்லோருக்கும் மேனேஜரைத் தெரியும்.

மருந்து விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. இருபத்தேழு வருஷம் கரைசல் கலந்து கொடுத்த கை இது. எல்லாம் நம் லேப் முறைப்படி சுத்தமாகத் தயார் செய்துதான் கண்ணில் விடுகிறேன்.

நல்ல செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கண்மணி விரிந்துவிட்டது! ஊசி முனை அளவு இருந்தது இப்போது பட்டாணி அளவு. நேற்று மூன்று அறை வரைக்கும் ரவுண்டு போனான். நிம்மதியாக இரு.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம் என்று படித்ததில் பாதி பாரம் இறங்கியது. அத்தானின் கையில் கீறல் ஆழமா? சோப்பு போட்டுக் கழுவச் சொல்.

"லேப் முறைப்படி" என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். தண்ணீரையே கழுவிக் குடிக்கிற ஆள் ஆயிற்றே நீ. சின்ன வயதில் என் ரப்பரைக்கூட வெந்நீரில் போட்டு எடுப்பாய். உன் கையில் மருந்து இருப்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

கண்மணி விரிந்தது நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. கண்ணின் நிறம் திரும்பியதா? டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார். கண்ணுக்குள் இருக்கிற நீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதா, பனி மூடிய மாதிரி இருக்கிறதா? முடிந்தால் போட்டோ எடுத்து அனுப்பு.

அக்கா, ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு கண் கெட்டுப் போக அதில் பாதி நாள் போதும். மோசமானால் என் கடிதத்துக்குக் காத்திருக்காதே. டாக்டரிடம் ஓடு.

உன் தம்பி


ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

போட்டோ ஸ்டுடியோக்காரர் வீட்டுக்கே வந்தார். நாலு படத்திலும் பூனையைப் பிடித்திருந்த அத்தானின் கட்டைவிரல் தெளிவாக விழுந்திருக்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளிச்சம். அதை அனுப்பி என்ன பயன்? நானே எழுதுகிறேன்.

நிறம் திரும்பவில்லை. நீ சொன்ன மாதிரி டார்ச் அடித்தேன். பனிதான். அதோடு கண்ணுக்குள், கீழ் ஓரத்தில், பிறை மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. குடுவையை அசைக்காமல் வைத்தால் அடியில் படிவு இறங்குமே, அப்படியே இருக்கிறது. தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்கிறது. இப்போது வலது கண்ணும் லேசாகச் சிவந்திருக்கிறது.

ஒரு பயம். அந்த வீக்க மருந்தில் இதே மாதிரி வெள்ளைப் படிவு உண்டு. படிவு விழுந்த கரைசலை நம் லேப்பில் யாரையும் தொட விடமாட்டேன், கண்ணில் விடுவேனா? முதல் நாளிலிருந்தே பாட்டிலை அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடிதாளில் வடிகட்டி, கொதிக்க வைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிவைத்துத்தான் போடுகிறேன். தாளில் நிற்கிற வெள்ளையைப் பார்த்தால் நீயே என்னைப் பாராட்டுவாய். ஆனால் தாளைத் தாண்டிக் கொஞ்சம் தப்பிப் போய் அவன் கண்ணுக்குள் இறங்கிவிட்டதோ? இன்றிலிருந்து இரண்டு தாள் வைத்து வடிகட்டுகிறேன்.

டாக்டர் ஆறு வேளை போடச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் லீவில் போய்விட்டார். நான் லேப்புக்கு லீவு போட்டுவிட்டேன். மேனேஜரும் நானும் அலமாரி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். என்ன செய்யட்டும், சொல்.

அக்கா


ஜூலை 27 (அனுப்பாதது)

அக்கா,

உன் கடிதம் பால் வேனில் இப்போதுதான் வந்தது. மூன்று தடவை படித்துவிட்டேன்.

நீ வடிதாளில் நிறுத்தி வைத்த அந்த வெள்ளைதான் மருந்து. அது தண்ணீரில் கரையாத மருந்து, மிதக்கத்தான் செய்யும், நின்றால் அடியில் இறங்கும். குலுக்கி, பால் மாதிரி ஆக்கித்தான் போட வேண்டும். ஐந்து வாரமாக அவன் கண்ணில் விழுந்தது மருந்து நீந்திய தண்ணீர். அதை இப்போது ஆறு வேளை போடுகிறாய், இரண்டு தாள் வைத்து.

மற்ற மருந்தில் படிவு இல்லை. அது மட்டும் வேலை செய்தது. அதனால்தான் கண்மணி விரிந்தது. அதைப் பார்த்து நீயும் ஏமாந்தாய், நானும் ஏமாந்தேன்.

அவன் கண்ணுக்குள் நீ பார்த்தது மருந்தில் இருந்து போன படிவு இல்லை, அக்கா. அது சீழ்.

இதை எப்படி உனக்கு எழுதுவேன்? மதியத்தில் வெயிலில் ஓடி வந்து போட்டாயே, அதை நினைக்கிறேன். நீ சுத்தக்காரி என்பதால் வந்த வினை இது. அழுக்குக் கையோடு அலட்சியமாகப் போடுகிறவளாக இருந்திருந்தால் அவன் கண் தப்பியிருக்கும்.

ஜூன் மாதமே "லேப் முறைப்படி" என்று எழுதினாய். என்ன முறை என்று ஒரு வார்த்தை கேட்டேனா? தண்ணீரைக் கழுவிக் குடிக்கிறவள் என்று ஜோக் அடித்தேன்.

என்னால் இதை


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அவசரமாக எழுதுகிறேன், பால் வேன் கிளம்பப் போகிறது. மழையில் மண் சரிந்து ஆபீஸ் போன் பத்து நாளாகச் செத்துக் கிடக்கிறது, இல்லையென்றால் அத்தானிடமாவது பேசியிருப்பேன்.

டாக்டர் கொடுத்த மருந்து பழைய வகை. அது இவனுக்குப் பிடிக்கவில்லை. அதைத் தூரப் போடு. தனிச் சீட்டில் புது மருந்தின் பெயர் எழுதியிருக்கிறேன், மெடிக்கல் ஷாப்பில் வாங்கு. இது வேறு தயாரிப்பு. இதை வடிகட்டக் கூடாது. ஒவ்வொரு வேளையும் நாற்பது எண்ணும்வரை குலுக்கு, பால் மாதிரி ஆனதும் பாட்டிலிலிருந்தே நேராகப் போடு. இரண்டு கண்ணிலும், ஆறு வேளை.

விரிக்கிற மருந்தை இன்றோடு நிறுத்து, அது கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடலாம். டாக்டர் வந்ததும் இடது கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்.

நீ செய்தது எல்லாம் சரிதான். மருந்துதான் சரியில்லை.

உன் தம்பி


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் ஐந்தாம் தேதி கிடைத்தது.

நீ சொன்னபடி புது மருந்து வாங்கினேன். நாற்பது எண்ணிக் குலுக்கிப் போடுகிறேன். நாலாம் நாளே வலது கண்ணில் சிவப்பு குறைந்தது. நல்ல மருந்து.

இடது கண் வீங்கிப் பெரிதாகிவிட்டது. இமை மூட வரவில்லை. டாக்டர் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கும்மா. உள்ள தண்ணி போக வழியில்லாம அடச்சுப்போச்சு. பார்வை போயிருச்சு, வலி மட்டும்தான் இருக்கு" என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை அந்தக் கண்ணை எடுத்துவிடுகிறார். எடுத்தால் வலி போகும் என்கிறார். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்ய நாள் இல்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. வேனுக்கு டீசல் போட்ட கணக்கைத் தவிர நான் எதையும் எழுதி வருஷக்கணக்காகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீ சுகம்தானே?

மேனேஜருக்கு ஆபரேஷன் முடிந்தது. இடது பக்கம் தையல். மூன்றாம் நாளே நன்றாகச் சாப்பிட்டான். வலி விட்டதும் பழைய ஆளாகிவிட்டான், என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். சாப்பிடாதது உன் அக்காதான்.

புது பாட்டிலைக் கொண்டு வந்த அன்று அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது அதிலும் அடியில் வெள்ளை இறங்கியிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு டாக்டர் கொடுத்த பழைய பாட்டிலை எடுத்து, ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி அவர் ஒட்டிய சீட்டை உரித்தாள். கீழே அச்சடித்திருந்தது. அதே பெயர், அதே கம்பெனி. அதற்கும் கீழே, "பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்." அவள் சத்தமாகப் படித்தாள்.

வடிகட்டின தாள்களை அவள் எறியவில்லை மச்சான். காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், நீ வந்ததும் காட்ட வேண்டுமாம். அதை எடுத்து எண்ணினாள். நான், "விடு, அந்த டாக்டர் சீட்டை மேல ஒட்டினதாலதான வந்துது" என்றேன். "சீட்டு ஒட்டினது அவர். வடிகட்டினது நான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் வேற மருந்துன்னு பொய் சொல்லியிருக்கான். அவன்மேல கோவிச்சுக்கக்கூட முடியல" என்றாள்.

சுவரில் நீ எழுதின ஏழு இருக்கிறதே, அதற்குக் கீழே சிவப்பு மையில் எட்டு என்று போட்டு, "குலுக்கு" என்று எழுதியிருக்கிறாள். இன்னும் லேப்புக்குப் போகவில்லை. என்ன சொல்லித் தேற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவன். ஏதாவது எழுது.

அத்தான்


செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறாயா? முதலில் அதற்குப் பதில் எழுது.

அத்தான் எழுதினார். அவரைத் திட்டாதே. நான் ஜூலை 27 அன்று எழுதி, அனுப்ப மனசு வராமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பாதியில் நிற்கிறது. அதற்கு மேல் என்ன எழுதுவதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக டாக்டர். கை கழுவு, துண்டில் சுற்று என்று ஏழு எழுதினேன். எட்டாவதை எழுதவில்லை. அது எனக்குத் தெரியாத விஷயமா? யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். நீ எல்லோரையும் மாதிரி இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் பழி என்னுடையது.

அங்கே வர விடுப்பு கேட்டேன். மாடுகள் கன்று போடுகிற நேரம், ஒரு நாள்கூட நகர முடியாது என்றுவிட்டார்கள். நேற்று ஒரே நாளில் ஒன்பது கன்று. எல்லாவற்றுக்கும் கண்ணைப் பிரித்துப் பார்த்தேன்.

வலது கண் எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது. ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்து வந்ததும் அவனை நான் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். இந்தப் பாரம் இனி உனக்கு வேண்டாம்.

உன் தம்பி


செப்டம்பர் 29

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். லேப்புக்கும் போகிறேன். அத்தான் நலம், உளவு வேலையை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்ததிலிருந்து ரொம்பவே நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுத நாலு வாரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம் மருந்து நேரம் வந்துவிட்டது.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். வலது கண்ணில் அழற்சி அடங்கிவிட்டது. ஆனால் அடங்குவதற்குள் அந்த நிறத் திரை உள்ளே ஒட்டிக்கொண்டதாம், கண்மணி பால் மாதிரி வெளுத்துவிட்டது. டாக்டர் பஞ்சை முகத்துக்கு முன்னால் போட்டுப் பார்த்தார். மேனேஜர் திரும்பவில்லை. ஜன்னலைத் திறந்தால் திரும்புகிறான். "வெளிச்சமும் இருட்டும் தெரியும்மா, அவ்வளவுதான். ஒரு மாசம் முன்னாடி அடங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷர். அவர் ஒட்டிய சீட்டைப் பற்றி நான் அவரிடம் சொன்னேன். இப்போது அச்சடித்த இடத்தை விட்டு ஒட்டுகிறார்.

பழி உன்னுடையது என்று எழுதியிருந்தாய். ஆளுக்கு ஆள் இழுத்துக்கொள்ள அது என்ன போர்வையா? இதோடு ஒரு வடிதாளை மடித்து வைத்திருக்கிறேன். மெல்லப் பிரி, கொட்டிவிடும். ஜூலை 2, மதியம் என்று நானே பென்சிலில் எழுதி வைத்தது. இந்த மாதிரி நிறைய இருக்கிறது. ஒன்று உன்னிடம் இருக்கட்டும். தனியாக வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

ஏப்ரலில் நீ வா. ஆனால் அவனைக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சை எடுக்காதே. அவன் இப்போது நாலு அறைக்கும் ரவுண்டு போகிறான், மீசை சுவரில் உரச, எதிலும் இடிக்காமல். இந்த வீடு அவனுக்கு மனப்பாடம். நான் ஒரு முக்காலியைக்கூட நகர்த்துவதில்லை. போன வாரம் அத்தான் பெருக்குகிறேன் என்று நாற்காலியை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டார். மேனேஜர் தாவினான், இடம் இல்லை, கீழே விழுந்தான். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அத்தானுக்கும் காது மந்தமாகியிருக்கும். புது வீட்டில் அவனைக் கொண்டுபோய் விட்டால் என்ன செய்வான்? அவன் என் பூனை. தர மாட்டேன்.

மருந்து இன்னும் மூன்று வேளை உண்டு. திரும்ப அழற்சி வராமல் இருக்க ஆயுசுக்கும் போட வேண்டுமாம். முன்பெல்லாம் துண்டைக் கண்டாலே அலமாரி மேல் ஏறுவானே, இப்போது துண்டு வேண்டியதில்லை. பாட்டிலைக் குலுக்கும் சத்தம் எனக்குக் கேட்பதில்லை, அவனுக்குக் கேட்கிறது. நான் இருபது எண்ணுவதற்குள் எங்கிருந்தாலும் வந்து, தடவித் தடவி என் மடியில் ஏறி, தலையைத் தூக்கி அந்தக் கண்ணைக் காட்டுகிறான்.

நான் நாற்பதுவரை எண்ண வேண்டியிருக்கிறது, தம்பி. அதுவரைக்கும் அப்படியே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அங்கே இப்போது குளிர் ஏறியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா